முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு சீடிகள்

கொரோனா சமயத்தில் எடுத்த என் நெஞ்சு ஸ்கேன் சீடியை நான் காக்கை விரட்டுவதற்காகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. தலையில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. "அதையெல்லாம் பத்திரமா வெச்சிருக்க வேணாமா?" என்று கேட்ட ஒருவரை நான் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டேன். அந்த வருஷம் எங்கள் தெருவில் நோயாளி தொட்ட பாய், தலையணை, துண்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கடற்கரையில் எரித்தோம். எரிக்கச் சொன்னவர்களில் ஒருவர்கூட, சீடியை மட்டும் எடுத்து வை, நாலு வருஷம் கழித்துக் கேட்பார்கள் என்று சொல்லவில்லை.

என் வீடு சதுரங்கப்பட்டினத்தில். பதினெட்டு வருஷமாக மாமல்லபுரத்துக்குப் போகிற சாலையில் ஒரு சிலைப் பட்டறையில் வேலை பார்த்தேன். நான் சிற்பி இல்லை. சிற்பி செதுக்கி முடித்த பிறகு மெஷினை வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவன். விடுதி வாசலில் உட்கார்ந்திருக்கும் புத்தர் தலை மினுமினுப்பதற்கு என்னைப் போன்றவர்கள் காரணம். மெஷின் ஓடும்போது எதிரே நிற்பவன் தெரியமாட்டான். அவ்வளவு தூசி. மூக்கில் துண்டு கட்டிக்கொள்வோம். சாயங்காலம் அந்தத் துண்டை உதறினால் மாவு சலித்ததுபோல் கொட்டும். துண்டைத் தாண்டி உள்ளே போனது எங்கே போனது என்று நான் யோசித்ததில்லை. யோசிக்கிறவன் அந்த வேலைக்கு வரமாட்டான்.

இருமல் ரொம்ப நாளாக இருந்தது. கல் வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கிறதுதான். இந்த வருஷம் பொங்கல் கழிந்து சளியில் ரத்தக் கோடு வந்தது. ஒரு தடவைதான். என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். மறுநாளே திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டாள். தானும் ஏறிக்கொண்டாள். நான் பாதி வழியில் இறங்கிவிடுவேன் என்று சந்தேகம். சந்தேகம் நியாயமானதுதான்.

செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், அவசரம் இல்லாமல் பேசினார். அவர் அவசரம் இல்லாமல் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வலது பக்கம், மேல் நுரையீரல்ல ஒரு புள்ளி இருக்கு. ஒரு மொச்சைக்கொட்டை அளவு."

"கேன்சரா சார்?" என்று கேட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

"ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. பழைய தழும்பா இருக்கலாம். தழும்புன்னா வளராது. புதுசா வந்திருந்தாலோ, வளர்ந்திருந்தாலோ விடக் கூடாது. ஊசி போட்டு உள்ளேர்ந்து சதை எடுத்துப் பாக்கணும். அது ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல இருக்கு, அதான் யோசிக்கிறேன். இதுக்கு முன்னாடி நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"எதுக்கு சார்?"

"பழசையும் புதுசையும் கம்ப்யூட்டர்ல போட்டா ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா வெச்சுப் பாக்கும். நீங்க அன்னைக்கு எவ்வளவு மூச்சு இழுத்தீங்க, இன்னைக்கு எவ்வளவு இழுத்தீங்க, எல்லாத்தையும் சரிக்கட்டி அளந்து சொல்லிடும். கண்ணால பாத்தா தெரியாத வித்தியாசம்கூட அதுல தெரியும். பழசு இருந்தா ஊசி வேணுமா வேணாமான்னு சீக்கிரம் முடிவு பண்ணலாம். இல்லன்னா ஊசி. அதுக்கு நீங்க ஒத்துக்கலன்னா மூணு மாசம் காத்திருந்து மறுபடி ஸ்கேன்."

எடுத்ததில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள்.

"எடுத்தாங்க சார். கொரோனாவுல. எங்கண்ணனும் இவரும் ஒரே நாள்ல எடுத்தாங்க."

"சீடி இருக்கா?"

"எரிச்சிட்டோம் சார்," என்றாள்.

எரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தச் சீடிகள் எங்கே இருக்கின்றன என்பதும் தெரியும். தினமும் அவள் தலைக்கு மேலேதான் இருந்தன.

அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாவது அலை. மச்சானுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். என்னைவிட இரண்டு மடங்கு பலசாலி. சாலையோரம் ஒரு ஸ்கேன் சென்டர் இருந்தது. இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம். வாசலில் வெயிலில் வரிசை. எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். மச்சான் மட்டும் பேச்சை நிறுத்தவில்லை. அவனும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான்.

"மச்சான், நீ மொதல்ல போவாத. உன் நெஞ்சத் தொறந்தா உள்ள பூரா கருங்கல்லுதான் கீது. மெஷினு பேஜாராயிடும். அப்புறம் என்னைப் பாக்க மெஷினே இருக்காது."

"உன் நெஞ்சுல இன்னா கீது? பூரா சாராயமா?"

"காத்துடா. சுத்தமான கடல் காத்து. எவனுக்கு வேணும்னாலும் கட் பண்ணிக் குடுப்பேன்."

பிறகு ஒரு இருமல் வந்து மடங்கி உட்கார்ந்தான். அந்தக் கூட்டத்தில் ஃபிலிம் போட்டுக் கொடுக்க அவர்களுக்கு நேரம் இல்லை. ஆளுக்கு ஒரு சீடி, ஒரு பேப்பர். இரண்டையும் ஒரே கவரில் போட்டார்கள், ஒரே வீடு என்று சொன்னதால். என் பேப்பரைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் மாத்திரை சாப்பிடு என்றார்கள். மச்சான் பேப்பரைப் பார்த்தவர்கள் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தார்கள். எனக்குக் கல் தூசி நெஞ்சு, அவனுக்குக் கடல் காற்று நெஞ்சு. ஒன்பதாவது நாள் அவன்தான் போனான்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. சுற்றிக் கட்டியே கொடுத்தார்கள். நேராகச் சுடுகாடு. மீனவனைக் கடல் ஓரத்தில் புதைப்பதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம், அதுவும் இல்லை. என் மனைவி முகம் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஓடினாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கவரைப் பார்த்துவிட்டு, "அத்த என் கண்ணுல காட்டாத, போய் எரிச்சிடு" என்று கத்தினாள்.

பேப்பர்களை எரித்தேன். சீடியை எரிக்கவில்லை. அப்போதுதான் மச்சானை எரித்துவிட்டு வந்திருந்தேன். அவன் நெஞ்சுப் படம் பதிந்த ஒன்றை அதே நாளில் மறுபடி நெருப்பில் போட என் கை போகவில்லை. அதை வீட்டில் வைக்கவும் பயம். அட்டைப் பெட்டியில் போட்டுப் பட்டறையில் வைத்தேன். சில மாதம் கழித்து, அவள் மறுபடி கருவாடு போட ஆரம்பித்தபோது காக்கைத் தொல்லை தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் சவுக்குக் கம்பு நட்டு நைலான் கயிறு கட்டி அதில் பழைய சீடிகளைத் தொங்கவிடுவார்கள். காற்றில் சுற்றிச் சுற்றி மின்னும். காக்கை கிட்டே வராது. கல்யாண சீடி, சினிமாப் பாட்டு சீடி என்று தெருவில் கிடைத்ததையெல்லாம் வாங்கினேன். ஆனால் எழுத்து இருக்கிற பக்கம் மின்னாது. அதனால் இரண்டு சீடியை முதுகோடு முதுகாக ஒட்டிவிடுவார்கள், இரண்டு பக்கமும் பளபளக்கும். கடைசியில் ஒரு ஜோடி குறைந்தது. பெட்டியில் இந்த இரண்டும் இருந்தன.

ஒட்டினேன். மச்சானும் நானும், முதுகோடு முதுகு. அவளிடம் சொல்லவில்லை.

ஒட்டியது சாதாரணப் பசை இல்லை. எங்கள் பட்டறையில் சிலைக்கு மூக்கு உடைந்தால், விரல் உடைந்தால், ஒட்டுவதற்கு ஒரு பசை வைத்திருப்போம். இரண்டு டியூபைக் கலந்து, கல் தூளும் சேர்த்து ஒட்டினால் சாமியே வந்தாலும் பிரிக்க முடியாது. வாங்குகிறவனுக்கு ஒட்டு இருப்பதே தெரியாது. அப்படி எத்தனை மூக்கு அயல்நாடு போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பசையை ஓரத்தில் வட்டமாகப் பூசி அழுத்தினேன். வெளியோரத்தில் டிரில் போட்டுக் கயிறு கோத்தேன். வேலையைத் திருத்தமாகச் செய்தேன். அதுதான் என் வியாதி.

செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். இறங்கி, பழைய டச்சுக் கோட்டைச் சுவரைத் தாண்டிக் கரைக்கு நடந்தோம். காயப்போட்ட நெத்திலியைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. கயிற்றில் ஆறு ஜோடியும் மினுக் மினுக் என்று சுற்றிக்கொண்டிருந்தன. நான் மூன்றாவது கம்புக்குப் போய் ஒன்றை அறுத்தேன்.

"இன்னாயா பண்ற?"

"இது என் ஸ்கேனு."

அவள் முதலில் புரிந்துகொள்ளவில்லை. பிறகு சிரித்தாள். "தப்பிச்சிட்ட போ. எரிக்கச் சொன்னா நீ எப்பயா எரிச்சிருக்க? சோம்பேறி." சிரிப்பு அப்படியே நின்றது. கையில் வாங்கிப் பார்த்தாள். "இது ரெண்டு கீதே. பின்னாடி யாரது?"

நான் மண்ணைப் பார்த்தேன்.

"யோவ். பின்னாடி யாரது?"

"மச்சான்து."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நாலு வருசமா எங்கண்ணன காக்கா ஓட்ட வெச்சிருக்க," என்றாள். "நான் அது கீழ உக்காந்து சோறு துன்னுகினு இருந்திருக்கேன்."

"எரிக்க மனசு வரலம்மே."

"எரிக்க மனசு வரல. என்கிட்ட சொல்ல வாயும் வரல. சிலைக்கு மூக்கு ஒட்டத் தெரியும்."

சீடியை என் கையில் திணித்துவிட்டு நெத்திலியை அள்ளப் போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போனேன். ஸ்கேன் பிரிவில் ஐம்பது வயசுக்கு மேல் ஒரு அம்மா இருந்தார், டெக்னீஷியன். என் கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாண்ணா, தோசையா? ரெண்டு சேத்து ஒட்டினா டிரைவுக்குள்ளயே போவாது."

"பிளேடு போட்டுப் பிரிச்சா?"

"பிரிச்சிடாதீங்க. எல்லாரும் இந்த மின்னுற பக்கத்துல படம் கீதுன்னு நெனைக்கிறாங்க. பதிஞ்சது மேல, எழுத்து இருக்கிற பக்கத்துலதான். அந்தத் தோல் உரிஞ்சா போச்சு. நீங்க கரெக்டா அந்தப் பக்கத்துலயே பசை போட்டிருக்கீங்க."

நான் என்னைத் திட்டிக்கொண்டேன். அவர் சீடியை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்தார். "இங்க பாருங்க. உள் பக்கம் கொஞ்சம் கருப்பா ஒரு வட்டம் தெரியுதா? அதுவரைக்கும்தான் படம். சீடி உள்ளேர்ந்து வெளிய பதியும். நெஞ்சு ஸ்கேனு சீடி பூரா நெறையாது. அந்தக் கோட்டுக்கு வெளிய ஒண்ணும் இல்ல, வெறும் பிளாஸ்டிக்கு."

"பசை வெளியோரத்துலதான் போட்டேன்."

"எம்மாம் அகலம்?"

விரலை வைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். "அப்போ வெளியோரத்தச் சுத்தி எடுத்துடலாம். ஆனா வட்டம் கோணக் கூடாது. கோணினா சுத்துறப்போ ஆடும், படிக்காது. கடையில குடுத்தா செய்ய மாட்டான்."

"நான் செய்வேன்," என்றேன்.

வாழ்க்கையில் ஒரு வேலை எனக்குத் தெரியும். தேய்ப்பது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்தேன். மெஷின் வைக்கவில்லை. மெஷின் சூடாகும், பிளாஸ்டிக் உருகும். காம்பஸில் ஊசி மாட்டி, கருப்பு வட்டத்துக்கு ஒரு விரல் வெளியே கோடு போட்டேன். ஹேக்ஸா பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். பிறகு பாலிஷ் கல்லை எடுத்து, தண்ணீர் விட்டு, கையாலேயே தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று தேய்ப்பது, ஒரு சொட்டு தண்ணீர், துடைத்துப் பார்ப்பது.

தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி வராது. இது எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். பட்டறை முதலாளிக்கும் தெரியும். தண்ணீர் விட்டால் சேறாகும், வேலை மெதுவாகும், கரண்ட் ஷாக் அடிக்கும் என்பார். இரண்டு சிலைக்கு ஆகிற நேரத்தில் மூன்று சிலை வேண்டும் அவருக்கு. நானும் சரி என்றேன். என்னைக் கட்டிவைத்து யாரும் தேய்க்கச் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் தகட்டுக்குத் தண்ணீர் விட்டேன். என் நெஞ்சுக்கு விடவில்லை. அன்றைக்கு அங்கே உட்கார்ந்து இதை நினைத்தபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

என் மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சொல்லாமலேயே சொட்டுச் சொட்டாக ஊற்ற ஆரம்பித்தாள். மதியம் வரை அப்படியே. இடையில் ஒரு தடவை நான் வேகமாகத் தேய்த்தபோது மட்டும், "மெதுவாயா. எங்கண்ணனும் கீறான் அதுல," என்றாள்.

ஓரம் முழுவதும் போனதும் இரண்டும் பிரிந்தன. சத்தம்கூட இல்லை. ஆனால் ஒரு இடத்தில் பசை உள்பக்கம் கசிந்திருந்தது. அங்கே ஒன்றின் தோல் நகத்தளவு உரிந்து மற்றதோடு போய்விட்டது. நாலு வருஷமாக வெயில் படாத எழுத்து அப்படியே இருந்தது. மார்க்கரில் எழுதிய பேர். தோல் உரிந்தது என்னுடையது. மச்சானுடையது முழுசாக இருந்தது.

அவள் மச்சான் பேரை விரலால் தடவினாள். பிறகு என்னுடையதை எடுத்து, உரிந்த இடத்தைப் பார்த்தாள். "போச்சா?" என்றாள்.

"தெரியல."

"உன் வாயில நல்லதே வராதா?"

செங்கல்பட்டுக்கு மறுபடி இரண்டு பேரும் போனோம். இரண்டு சீடியையும் அவள்தான் மடியில் வைத்துக்கொண்டாள், சுத்தமான துணியில் சுற்றி. அவை இப்போது பெரிய அப்பளத்திலிருந்து சின்ன அப்பளம் ஆகியிருந்தன.

டெக்னீஷியன் அம்மா என் சீடியை உள்ளங்கையில் வைத்து ஓரத்தைப் பார்த்தார். "மெஷின்ல செஞ்ச மாரி கீதே," என்றார். டிரைவை மெதுவாக ஓடும்படி மாற்றி வைத்துவிட்டுப் போட்டார். உள்ளே கறகற என்று சத்தம். நின்றது. மறுபடி கறகற. திரையில் ஒன்றும் வரவில்லை. என் மனைவி என் சட்டையைப் பின்னால் பிடித்திருந்தாள். அவள் பிடித்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

என் பேர் வந்தது. வயசு வந்தது, நாலு வருஷம் குறைவாக. பிறகு படங்கள் ஒவ்வொன்றாக. பாதிக்கு மேல் வந்ததும் நின்றுவிட்டது.

"மீதி வராது," என்றார் அந்த அம்மா. "உரிஞ்ச எடத்துல மாட்டிக்கிச்சு."

"அப்போ போச்சா?"

"இருங்க. மேலேர்ந்து கீழதான் பதிஞ்சிருக்கு. கழுத்துலேர்ந்து ஆரம்பிச்சு நெஞ்சு நடு வரைக்கும் வந்திடுச்சு. உங்க புள்ளி மேலதான கீது? கீழ் நுரையீரல் இல்ல, அவ்ளோதான்." கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். "டாக்டரு வந்து பாக்கட்டும். ஒரு பத்து நிமிசம்."

அந்தப் பத்து நிமிஷத்தில் என் மனைவி துணியை அவிழ்த்து மற்ற சீடியை நீட்டினாள்.

"இத்தயும் கொஞ்சம் போட்டுக் காட்டுறியாக்கா?"

அந்த அம்மா பேரைப் படித்தார். "யாரு?"

"எங்கண்ணன். கொரோனாவுல போயிட்டான்."

அவர் யோசித்தார். காட்டக் கூடாது என்று விதி இருந்திருக்கலாம். அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து போட்டார். ஒரு தடங்கலும் இல்லாமல் முழுசாக வந்தது. முதலில் ஒரே ஒரு படம், எக்ஸ்ரே மாதிரி. கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுத்திருக்கிற ஒரு ஆள். தாடை எலும்பு வரைக்கும் தெரிந்தது. அதற்கு மேல் இல்லை.

"முகம் வராதா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்லம்மா. நெஞ்சு மட்டுந்தான்."

பிறகு அந்த அம்மா நெஞ்சை மேலிருந்து கீழாக ஓட்டினார். காற்று இருக்க வேண்டிய இடம் கருப்பாக இருக்குமாம். மச்சான் நெஞ்சில் கருப்பு ஓரங்களில் கொஞ்சம்தான் இருந்தது. மீதியெல்லாம் வெள்ளை, பனிக் காலத்தில் கடல் மேல் நிற்கிற மூட்டம் மாதிரி. வரிசையில் நின்றுகொண்டு சுத்தமான காற்று என்று சொன்னானே, அந்த நிமிஷத்தில் உள்ளே இப்படித்தான் இருந்திருக்கிறது. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டுதான் என்னைக் கிண்டல் செய்திருக்கிறான். ஓடியே போயிருக்க வேண்டும், அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும், வரிசை என்ன மயிர் வரிசை. நாங்கள் இரண்டு மணி நேரம் ஒழுங்காக நின்றோம்.

"நடுவுல அது இன்னா?" என்றாள் அவள்.

"இருதயம்."

அவள் திரையைத் தொட்டாள். அந்த அம்மா தடுக்கவில்லை. அழுகை வரும் என்று நான் காத்திருந்தேன். அவள், "போதும்க்கா, எடுத்துடு," என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டு சீடியை மறுபடி துணியில் சுற்றினாள்.

டாக்டர் வந்தார். திரையை இரண்டாகப் பிரித்தார்கள். இடது பக்கம் பழைய நான், வலது பக்கம் புதிய நான். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகர்ந்தது. விலா எலும்புக்கு நேராக விலா எலும்பு வந்து நின்றது. கம்ப்யூட்டர் இரண்டு பக்கமும் ஒரு பச்சை வட்டம் போட்டது. வட்டத்துக்குள் அந்தப் புள்ளி. இரண்டிலும் இருந்தது.

டாக்டர் எண்களைப் படித்தார், மறுபடி படித்தார், மவுஸை வைத்துத் தானே ஒருமுறை அளந்தார்.

"அப்பவே இருந்திருக்கு. வளரவே இல்ல. பழைய தழும்பு. எப்பவோ டி.பி. வந்து தானா ஆறியிருக்கலாம். ரத்தம் வந்தது எதனாலன்னு சளியை மட்டும் டெஸ்ட் பண்ணிக்கலாம். ஊசி வேணாம்."

என் மனைவி என் முதுகில் ஒரு அடி வைத்தாள். ஓங்கித்தான் வைத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு பொத்தானை அழுத்தினார். மாறிய இடங்களை மட்டும் நிறம் போட்டுக் காட்டுகிற பொத்தான் என்றார். புள்ளி இருந்த இடம் சும்மா இருந்தது. அதைச் சுற்றி, இரண்டு நுரையீரலின் மேல்பக்கம் முழுக்க, சின்னச் சின்னதாகச் சிவப்பு. கைக்குத்தல் அரிசியில் உமி கிடப்பதுபோல். எண்ண முடியாது.

"இது நாலு வருஷத்துக்கு முன்னாடி அங்கங்க ஒண்ணு ரெண்டுதான் இருந்துது. இப்ப இவ்ளோ. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"கல் தூசி. உள்ள போனது வெளிய வராது. போன இடத்துல தழும்பாகும். இதுக்கு மருந்து இல்ல. நிறுத்தினா மெதுவாகும், சில பேருக்கு அப்படியே நிக்கும். நிறுத்தலன்னா அடுத்த ஸ்கேன்ல இதைவிட மோசமா காட்டும். இன்னைக்கே விட்டுடுங்க."

"நாளைக்கு ஒரு ஆர்டர் கீது சார். ஒரு பெரிய நந்தி. அத்த மட்டும் முடிச்சிட்டு..."

"நந்தி வாயில வெக்கிறேன் கொள்ளி," என்றாள் என் மனைவி, டாக்டர் முன்னாலேயே. டெக்னீஷியன் அம்மா திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. டாக்டர் ஏதோ எழுதுவதுபோல் குனிந்தார்.

நந்தியை நான் முடிக்கவில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் அனுதாபப்பட்டார், மாஸ்க் வாங்கித் தருகிறேன் என்றார். பதினெட்டு வருஷத்தில் வெள்ளைக்காரர்கள் ஃபோட்டோ எடுக்க வந்த ஒரே ஒரு நாள் எங்களுக்கு மாஸ்க் கொடுத்தார். அவர்கள் போனதும் திருப்பி வாங்கிக்கொண்டார். அதை நினைவுபடுத்தினேன். கத்தினேன் என்பதுதான் சரி. அங்கே மெஷின் பிடித்துக்கொண்டிருந்த ஐந்து பேரிடமும் போய், கொரோனாவில் ஸ்கேன் எடுத்தவன் எவனாவது இருந்தால் சீடியைத் தேடு, இப்போது ஒன்று எடு, இரண்டையும் கம்ப்யூட்டரில் போடு என்றேன். இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவன் சிரித்தான். ஒருவன், "அண்ணாத்த, உள்ள இன்னா கீதுன்னு பாத்துட்டா அப்புறம் இங்க எப்படி நிக்கிறது?" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கயிற்றிலிருந்த மற்ற சீடிகளையும் அவிழ்த்துவிட்டாள். அவற்றில் யார் நெஞ்சு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றாள். ஒவ்வொரு ஜோடியையும் தெருவில் கொண்டுபோய், உன் வீட்டில் வாங்கியதா என்று கேட்டுக் கொடுத்தாள். மச்சான் சீடி அவள் புடவைப் பெட்டியில் இருக்கிறது. என்னுடையது ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத் திரையில் இன்றைய நான் இடது பக்கம் போய்விடுவேன்.

கயிறு வெறுமனே கிடக்கிறது. காக்கைகளுக்குச் சந்தோஷம். அதனால் நெத்திலி காய்கிற நேரத்தில் நான் ஒரு கம்பை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கிறேன். கம்பைத் தூக்கினால் இருமல் வருகிறது. இருமினாலே காக்கைகள் பறந்துவிடுகின்றன. கம்பு எதற்கு என்கிறாள் அவள்.